கால் வலி சொல்லும் செய்தி

கடைத்தெரு வரை நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது. சற்று நின்றால் விட்டுவிடுகிறது. இதை வயதுக்கோளாறு என்றே நாம் நினைக்கிறோம். காலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, அது தடித்துச் சுருங்கியதாலும் இப்படி வலிக்கலாம்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948-ல் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்வு, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை நோய் ஆகியவை இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கு வழிவகுப்பதைக் காட்டியது.

பரிசோதனை எளிது. படுக்கவைத்துக் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஊசி இல்லை. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9 அல்லது அதற்கும் குறைவாக வருவது அடைப்பின் அறிகுறி. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் இறுகி 1.4-க்கு மேலும் காட்டலாம். அப்போது கால் விரலில் அளப்பார்கள்.

காலில் அடைப்பு இருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்தும் கூடுதல். வாப்பாவிடமும் உம்மாவிடமும் இன்றே கேட்போம்: "நடந்தால் கால் வலிக்கிறதா?"