மேசைமேல் ஓர் இருப்புப்பாதை



சென்ற தீபாவளி விடுமுறைக்கு நான் ஊருக்குப் புறப்பட்டபோது மூன்று மரப்பெட்டிகளைக் கயிற்றால் கட்டித் தூக்கிச் சென்றதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். "என்னப்பா, ஆர்மோனியமா?" என்று வினவியவரும் உண்டு. ஆர்மோனியம் அன்று. உள்ளே இருந்தது ஓர் இருப்புப்பாதை. ஓர் உண்மையான பாதையைச் சிறிய அளவில், தனித்தனித் துண்டுகளாகச் செய்து, வேண்டும்போது இணைத்து வண்டி ஓட்டும் கலையைப் பற்றியே இக்கட்டுரை. இக்கலைக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. கொஞ்சம் கணக்கும், மிகுந்த பொறுமையும் வேண்டும். நான் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அவை உங்களுக்குப் பயன்படலாம்.

எந்தப் பாதை?

நம்மில் பலர் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வருகிறோம். 1864-இல் பெங்களூர்த் தண்டு வரை வந்து சேர்ந்த பாதை அது. வழியில் பங்காரப்பேட்டை வரும். மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்பு அது பௌரிங்பேட்டை எனப்பட்டது. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை ஒன்று, ஏறத்தாழ 10 மைல் சென்று, மாரிக்குப்பத்தில் முடிகிறது. கோலார் தங்கச் சுரங்கங்களுக்காக 1894-இல் திறக்கப்பட்ட பாதை. உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களின் பெயர்களைக் கேட்டாலே சுரங்கத்தின் நினைவு வரும்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற பல்லாயிரம் குடும்பங்கள் இப்பாதையில் பயணம் செய்தன. 1902-இல் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அச்சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-இல்தான். பௌதிகம் பயிலும் நாம் மறக்கக்கூடாத செய்தி இன்னொன்றும் உண்டு. 1965-இல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று நடந்தது இச்சுரங்கத்தின் ஆழத்தில்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாதை மட்டும் மூடப்படவில்லை. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதன்வழியே பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புகின்றனர்.

என் தாத்தா சாம்பியன் சுரங்கத்தில் கடைசி நாள் வரை உழைத்தவர். இப்போது வாணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறார். கண் நரம்பு நோயினால் அவருடைய பார்வை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. "இன்னொரு தடவ அந்த ஸ்டேஷனைப் பாக்கணும்ப்பா" என்று அவர் ஒருநாள் சொன்னார். அழைத்துச் சென்றாலும் தெளிவாகப் பார்க்க முடியாது. விரல்களால் பார்க்கலாம் அல்லவா? அந்த எண்ணத்திலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

அளவுத் திட்டம்

மாதிரி செய்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு. உலகெங்கும் பரவலாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. மேனாட்டில் வழங்கும் 1,435 மி.மீ. அகலப் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் இந்த அளவு வரும். நம் நாட்டு அகலப் பாதையோ 1,676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. இதனை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆகிறது. ஆகவே அந்த அளவில் நம் பெட்டிகளைச் செய்து கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், பருத்த மனிதர் ஒட்டிய கால்களோடு நிற்பதுபோல் இருக்கும்.

சில நாள் இதனோடு மல்லாடினேன். பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். தண்டவாளம் 16.5 மி.மீ. என்பதை மாற்ற முடியாது. அதுவே ஐந்தரை அடியானால் ஓர் அடி எவ்வளவு? 16.5-ஐ 5.5-ஆல் வகுக்க, சரியாக 3 மி.மீ.! ஓர் அடிக்கு 3 மி.மீ., அதாவது 101.6-இல் ஒரு பங்கு. கடைத் தண்டவாளத்தை ஒரு மயிரிழையும் மாற்றாமல் இந்திய அகலப் பாதை கிடைத்துவிட்டது. இதைவிடச் சிறிய அளவுகளும் உண்டு. ஆனால் முதியவரின் விரல் நுனிக்குச் சன்னல் எது, கதவு எது என்று தெரிய வேண்டும். அதனால் இதற்குக் கீழே நான் இறங்கவில்லை.

பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி 21.3 மீட்டர் நீளமுள்ளது. நம் அளவில் 21 செ.மீ. அகலம் 32 மி.மீ. ஆனால் 10 மைல் பாதை முழுவதையும் இவ்வளவில் செய்தால் 158 மீட்டர் நீளும். விடுதித் தாழ்வாரமும் போதாது! ஆகவே முழுப் பாதையை விட்டுவிட்டு மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன்: பங்காரப்பேட்டையில் கிளை பிரியும் இடம், சாம்பியன் நிலையம், மாரிக்குப்பத்து முடிவிடம்.

ஓரத்தின் ஒழுங்கு

ஒவ்வோர் இடமும் ஒரு துண்டு. நீளம் 80 செ.மீ., அகலம் 40 செ.மீ. இரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடிய அளவு. துண்டுகளாகச் செய்வதன் நன்மை இதுதான்: செய்வது ஓரிடம், சேர்ப்பது வேறிடம், ஒருவர் ஒன்று செய்ய, இன்னொருவர் மற்றொன்று செய்யலாம். 1970-களில் அமெரிக்காவிலும், 1981-இல் தொடங்கிய பிரெமோ என்னும் அமைப்பின் மூலம் ஐரோப்பாவிலும் இம்முறை பரவியது. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் தத்தம் துண்டுகளுடன் ஒரு மண்டபத்தில் கூடி, சில மணி நேரத்தில் நீண்ட பாதை ஒன்றை இணைத்துவிடுகிறார்கள். எப்படி? துண்டின் நடுவே மலை வைக்கலாம், ஆறு வைக்கலாம். அது அவரவர் விருப்பம். இரண்டு ஓரங்கள் மட்டும் எல்லாருக்கும் பொதுவான விதிப்படி இருக்க வேண்டும்.

நான் இதனை அறிந்தும் அலட்சியம் செய்தேன். ஒரு துண்டை நான் அறுத்தேன். மற்றொன்றை என் அறைத்தோழர் அறுத்தார். இருவரும் அளவுகோல் வைத்துத்தான் அறுத்தோம். இணைத்து வண்டியை விட்டபோது எஞ்சின் தலைகுப்புற விழுந்தது. ஓரங்களிடையே 3 மி.மீ. ஏற்றத்தாழ்வு. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிது என்று எண்ணாதீர்கள். நம் அளவில் அது ஓர் அடி! மெய்யான பாதையில் ஓர் அடிப் பள்ளம் இருந்தால் வண்டி என்னாகும்?

ஆகவே, செய்ய விரும்புவோர் இம்முறையைக் கைக்கொள்க. 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஓரப்பலகைகள் அனைத்தையும் ஒன்றாக அடுக்கி இறுக்கிக்கட்டி, ஒரே முறையில் அறுங்கள். போல்ட் துளைகளையும் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரே முறையில் இடுங்கள். பிறகு அளவில் பிழை இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே பிழையாக இருக்கும், இணைப்பு பிசகாது. பாதை, ஓரத்தின் நட்டநடுவே, 20 செ.மீ.-இல் வெளியேற வேண்டும். கடைசி 10 செ.மீ. நேராகவும் ஓரத்துக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சமதளத்துக்கு ரசமட்டம். அடியில் இரண்டு கம்பிகள்: முன்புறத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, பின்புறத்துக்குக் கறுப்பு. எல்லாத் துண்டுகளிலும் இதுவே. 12 வோல்ட் நேர்மின்னோட்டம் போதும். கம்பி, இணைப்பான் முதலியவை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும்.

பிரெமோ விதிப்படி தண்டவாளம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். நின்று பார்ப்பதற்கு ஏற்றது. நான் 75 செ.மீ. வைத்தேன். தாத்தா நாற்காலியில் அமர்ந்து தொட வேண்டும். விதி இன்னதுதான் என்பது முக்கியமன்று. சேர்கிறவர் எல்லாரும் ஒரே விதியை ஏற்பதே முக்கியம்.

வளைவின் கணக்கு

அடுத்த பிழை வளைவில் நேர்ந்தது. விளையாட்டுப் பெட்டியில் கிடைத்த 438 மி.மீ. ஆர வளைவைப் பங்காரப்பேட்டைத் துண்டில் பதித்து, அருகே நடைமேடையும் கட்டினேன். பெட்டி மேடையில் உரசி நின்றது. காரணம் எளிய வடிவகணிதம். பெட்டி இரண்டு போகிகளின்மேல் ஒரு நாண்போல் நிற்கிறது. வளைவு வில்போல் விலகுகிறது. போகிகளின் இடைத்தொலைவு க, ஆரம் ஆ என்றால், பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகப் பிதுங்கும் அளவு, க-வின் வர்க்கத்தை 8ஆ-வால் வகுத்தால் வரும். நம் பெட்டியில் க 145.5 மி.மீ.; ஆகவே பிதுக்கம் 6 மி.மீ. பெட்டிக்கும் மேடைக்கும் நாம் விட்டிருந்த இடைவெளியோ அரை மில்லிமீட்டர்தான்! ஆரத்தை 900 மி.மீ. ஆக்கினாலும் பிதுக்கம் 3 மி.மீ. அளவில் இருக்கும். அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவே 175 மீட்டர் ஆரம். நம் அளவில் 1.72 மீட்டர். விடுதி அறையில் அது இயலாது. எனவே ஒரே வழி, மேடையை நேர்ப்பாதையில் மட்டும் வைப்பது. கட்டிய மேடையை உளியால் பெயர்த்தெடுத்து மறுபடி கட்டினேன். முதலில் கணக்குப் போட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

விரல் கண்ட பிழை

தீபாவளிக்கு மறுநாள் திண்ணையில் மேசையிட்டு மூன்று துண்டுகளையும் இணைத்தேன். தாத்தா இரு கைகளாலும் பங்காரப்பேட்டையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். மேடையைத் தொட்டார்; விளக்குக் கம்பத்தைத் தொட்டார்; ஒன்றும் பேசவில்லை. சாம்பியன் நிலையத்தின் பின்னே சயனைடு மேட்டில் அவர் கை நின்றது. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த கல்தூளைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு அது. முப்பது மீட்டர் மேடானால் நம் அளவில் சுமார் 30 செ.மீ. பிளாஸ்டரில் மலைபோல் கூர்மையாகச் செய்திருந்தேன்.

"இது என்னப்பா, ஏலகிரியா?" என்றார்.

"சயனைடு மேடு, தாத்தா."

"மேடு இப்படிக் கூரா இருக்காதுப்பா. மேல தட்டையா இருக்கும். நாங்க அதுமேல ஏறிப் பந்து ஆடியிருக்கோம்."

அன்றிரவே புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. நூறு படங்கள் பார்த்திருந்தும், மேடு என்றால் கூம்பு என்று என் மனம் முன்பே முடிவு கட்டியிருந்தது. அளந்து செய்கிறோம் என்ற செருக்கில், அங்கே வாழ்ந்தவரை முதலில் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் ரம்பத்தால் உச்சியை அறுத்துத் தட்டையாக்கினேன்.

பிறகு அவர் விரல், சுரங்கத் தூக்குக் கோபுரத்தின் அடியில் வந்தது. அங்கே ஒரு பலகைதான் இருந்தது. "கீழ ஒண்ணுமில்லியா?" என்றார். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அதை நம் அளவில் 3,200 மீட்டர் எனக் கொண்டால் 31.5 மீட்டர். மேசைக்குக் கீழே, திண்ணைக்குக் கீழே, பத்து மாடி ஆழம் தோண்ட வேண்டும் என்று கணக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் சும்மா இருந்தார்.

"அப்போ எங்களை விட்டுட்டு ஸ்டேஷனை மட்டும் கட்டியிருக்கே" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பாகச் சொன்னாலும் அது எனக்கு நன்றாகவே உறைத்தது. பெங்களூருக்குத் திரும்பியதும் கோபுரத்தின் அடியில் ஒரு துளையிட்டு, முப்பத்திரண்டு மீட்டர் நூலைச் சுற்றிய ஒரு நூற்கண்டைப் பலகைக்கு அடியில் பொருத்தினேன். நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் வந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்குச் சென்றபோது தாத்தா அதை இழுத்தார். முற்றத்தைக் கடந்து தெருவுக்குப் போய்த் திரும்பியும் நூல் மிச்சம் இருந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, மூன்று துண்டுகளும் இப்போது மன்ற அறையின் அலமாரிமேல் உள்ளன. ஓரப்பலகைகள் இன்னும் ஆறு மிச்சம் இருக்கின்றன. எல்லாம் ஒரே முறையில் அறுத்தவை. உங்கள் ஊர் நிலையத்தை நீங்கள் செய்யுங்கள். நீலகிரி மலைப்பாதைபோல் மீட்டர் பாதையாயின் நம் அளவில் 9.8 மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் ஏறத்தாழ ஒக்கும். கணக்கில் ஐயம் இருந்தால் என்னைக் கேளுங்கள். ஆனால் பலகையை அறுப்பதற்கு முன் ஊருக்கு ஒரு முறை பேசி, அந்த நிலையத்தை அறிந்த முதியவர் ஒருவரைக் கேளுங்கள்.