ஸ்கூட்டர் ஓட்டினால் எரிகிறது, ஆபரேஷன் தேவையா?

கேள்வி: வயது 29. பிறப்புறுப்பின் உள் உதடு ஒன்று நீளமாக இருப்பதால் ஸ்கூட்டர் ஓட்டும்போது உரசி எரிகிறது. லேபியாபிளாஸ்டி (உள் உதட்டைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாமா? எத்தனை நாள் ஓய்வு தேவை?

பதில்: இரு பக்கமும் ஒரே அளவில் இல்லாதது இயல்புதான். அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்கு உரசல் தொல்லை இருக்கிறது. ஆனால் எரிச்சலுக்குப் பூஞ்சைத் தொற்றும் காரணமாகலாம். முதலில் மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள், லெக்கிங்ஸை விட்டுத் தளர்வான பருத்தி உடைக்கு மாறுங்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முதல் இரண்டு வாரம் வீக்கம் பயமுறுத்தும். ஒரு பக்கம் கூடுதலாகவும் வீங்கலாம். அதைப் பார்த்து, கெட்டுவிட்டதோ என்று அழ வேண்டாம், வடிவம் தெரியவே சில மாதங்கள் ஆகும். சிறுநீர் கழித்ததும் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தையல் பெரும்பாலும் தானே கரையும். மேசை வேலைக்கு ஓரிரு வாரத்தில் போகலாம். ஸ்கூட்டரும் தாம்பத்தியமும் சுமார் 6 வாரம் கழித்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான். சிலருக்குத் தழும்பு வலியோ உணர்ச்சிக் குறைவோ நிலைத்துவிடுவதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தக்கசிவு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.