பத்தர் என்பது பெயர் அல்ல

என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் 'பத்தர்' என்று இருக்கிறது. அது தாத்தாவின் பெயரே இல்லை. நகை செய்கிறவரை ஊரே பத்தர் என்று கூப்பிட்டதால், எழுதியவரும் அதையே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் கொல்லன் என்பது ஸ்மித் என்ற குடும்பப் பெயராக நிலைக்கப் பல தலைமுறைகள் ஆயின. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேனா போதுமாக இருந்தது.

தாத்தாவின் பட்டறை மலேசியாவில், சிலாங்கூரின் அசாம் ஜாவாவில் இருந்தது. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எப்படி வந்தார் என்று தேடத் தொடங்கியபோது முதல் ஓர் ஆண்டை வீணாக்கினேன். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களைத் தேடும் வழியையே நானும் பிடித்ததுதான் காரணம். கங்காணி யார், எந்தத் தோட்டம், செக்ரோலில் பெயர் உண்டா என்று கேட்டுக்கொண்டே அலைந்தேன். தாத்தா காலைப் பெரட்டுக்கு நின்ற தோட்டத் தொழிலாளியே அல்லர். கங்காணி கூட்டிவந்த ஆட்களின் பயணச் செலவைக் குடியேற்ற நிதி ஏற்றது. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. தன் காசில் டிக்கெட் எடுத்து வந்த தொழில்காரருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தொழில்காரரைத் தேடுகிறீர்களா? அவரை விட்டுவிட்டு அவருடைய வாடிக்கைக்காரர்களைத் தேடுங்கள்.

எனக்கு அது தற்செயலாகத்தான் புரிந்தது. அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில் சாமணம், ஊதுகுழல், தேய்ந்துபோன உரைகல் இவற்றுக்கு அடியில் ஒரு கடன் நோட்டு கிடந்தது. ஒவ்வொரு வரியும் இப்படி: 'ராசா மூசா, மூக்குத்தி, 3 குன்றிமணி, பாக்கி 2 வெள்ளி.' ராசா மூசா என்பது தோட்டம். கூடவே ஆள் பெயர். புக்கிட் ரோத்தான், ஜெராம், துவான் மீ என்று சம்பள நாள் பார்த்து சைக்கிளில் போய் வந்திருக்கிறார். அந்த நோட்டை வைத்து அவர் போன பாதையை ஒரு தாளில் வரைந்தேன். எந்த அலுவலகமும் தராத ஆவணம் அது. உங்கள் தாத்தா தையல்காரரோ, சலவைக்காரரோ, ஆசாரியோ, பாக்கி எழுதாமல் பிழைத்திருக்க முடியாது. அந்த நோட்டை முதலில் தேடுங்கள். 'பழைய குப்பை' என்று யாராவது எரிப்பதற்குள் போய்விடுங்கள். எங்கள் அத்தை இரண்டை எரித்துவிட்டார்.

நோட்டில் 'தென்னமரம்' என்றும் ஓர் இடம். வீட்டு வாசலில் நின்ற தென்னை என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது தோட்டத்தின் பெயர். பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) இருக்கும் தென்னமாரம் தோட்டம். ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம். பின்னாளில் நாவல் எழுதி, 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்! பழைய நோட்டில் புரியாத சொல் எதுவானாலும் அது ஊர்ப் பெயரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆட்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகிறார்கள். ஆகவே நானும் திருவிழா நாள்களில்தான் போவேன். ஒரு பாட்டியிடம் "எந்த வருசம் பாட்டி?" என்று கேட்டு அசடு வழிந்தேன். "வருசமெல்லாம் கிராணிக்குத்தாம்மா தெரியும்" என்றார். அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன்: ஜப்பான்காரன் வந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? சயாம் ரயிலுக்கு ஆள் பிடிச்சப்போ பத்தர் இங்கேதான் இருந்தாரா? முதல் கேள்வி 1941 டிசம்பருக்கு இட்டுச்செல்லும், இரண்டாவது 1942, 43-க்கு. எனக்குக் கிடைத்த ஆண்டுகள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

தாத்தாவின் சொந்த ஊரைக் காட்டிக்கொடுத்தது ஒரு குத்துவிளக்கு. தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் தாத்தா கொடுத்த உபயம். அடித்தட்டில் பெயர், கிராமம், 'பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா'. நான் திருச்சியில் விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாகிவிட்டது என்பது யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பழைய முகவரியை இன்றைய வரைபடத்தோடு ஒத்துப் பார்க்காமல் தபால் செலவு செய்யாதீர்கள். விளக்கில் எழுத்து இருந்தால் புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். கிராமப் பெயரில் பாதியை எங்கள் சுத்தம் தின்றுவிட்டது. மீதியைக் குலதெய்வத்தின் பெயரை வைத்துத்தான் ஊகித்தேன்.

அரசாங்க ஏடுகள் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். கோலாலம்பூர் அர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. அங்கே ஆள் பெயரோடு நிற்காமல் தோட்டம், கடை, கோவில் நிலம் என்றும் தேடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்.

போன திருவிழாவில் அதே பாட்டி, "பசியாறிட்டு வா, உங்க தாத்தா செஞ்ச சாமான் காட்டுறேன்" என்றார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மூக்குத்தி வந்தது. மாமியார் போட்டிருந்ததாம். ராஜா மூசாவில் இருந்த குடும்பம். மாமனார் பெயரைக் கேட்டேன், சொன்னார். நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை, அந்த 2 வெள்ளியை எப்படிப் படித்துக் காட்டுவது?