தெர்மாமீட்டர் இருக்கிறதா?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடக்கிறது, அடுத்து ரேடியேஷனாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர நான் என்ன செய்ய?

பதில்: முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தாளிக்கிற வாசனையே பலருக்குக் குமட்டும். சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். எவர்சில்வர் ஸ்பூன் வாயில் துருவாய்க் கசந்தால் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுங்கள். 'தெம்புக்கு' என்று உறவுக்காரர்கள் நீட்டும் லேகியம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். "தைரியமா இரு" என்ற உபதேசமும் வேண்டாம், அழுதால் அழட்டும்.

வெளியிலிருந்து பாய்ச்சும் ரேடியேஷன் அந்த நேரத்தில் வலிக்காது, கதிர் உடம்பில் தங்காது. குழந்தைகளைத் தாராளமாகக் கொஞ்சலாம். கதிர் பாய்ச்சும் இடத்தில் மட்டும் பவுடர், மஞ்சள் கூடாது. தளர்வான பருத்தி ரவிக்கை நல்லது.