சரத் காலத் திருவிழாவும் ஒவ்வாத உணவும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களும் ஸங்கல்பத்தில் சரத் ருது என்று சொல்லப்படுகின்றன. வடநாட்டில் சரத் என்பது மேகம் விலகி, வானம் துலங்கி, ஆற்று நீர் தெளியும் காலம். ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் விரிவாக வர்ணிக்கப்படுவதும், கண்ணன் ராஸக்ரீடை நிகழ்த்தியதும் அந்தச் சரத்திலேயே. தமிழகத்திலோ ஐப்பசி அடைமழைக்குப் பேர்போனது. பண்டைத் தமிழர் இப்பருவத்தைக் கூதிர் என்று வழங்கினர். ஆயினும் சாந்த்ரமான ஆச்வின மாதத்தை ஒட்டி வரும் நவராத்திரிக்குச் சாரதா நவராத்திரி என்ற திருநாமம் இங்கும் நிலைத்திருக்கிறது. ஆகவே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தொடங்கிக் கார்த்திகை தீபம் வரையிலான நாட்களை ஒரே திருவிழாத் தொடராகக் கொள்வதில் பிழையில்லை.

இத்தொடரின் இனிமையில் பெரும்பகுதி நாவினால் அறியப்படுவது. சனிக்கிழமைத் தளிகையில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும். நவராத்திரி மாலைகளில் நாளுக்கொரு சுண்டல். தீபாவளிக்கு லட்டு, முறுக்கு, அதிரஸம், அவற்றைச் செரிக்கச் செய்ய லேகியம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை, அப்பம். எங்கு நோக்கினும் பருப்பு, நெய், முந்திரி, எள், கோதுமை மாவு.

இவற்றுள் ஒன்று தன் உடலுக்கு நஞ்சாகும் என்று அறிந்த ஒரு சிறுமி கோயில் பிராகாரத்தில் தாயின் கையைப் பற்றி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தொன்னையில் புளியோதரை வருகிறது. அதில் வேர்க்கடலை தெரிகிறது. தாய் தயங்குகிறாள். அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர், அன்பினாலேயே, “பெருமாள் பிரஸாதம் அம்மா, ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு ஒரு வாய் கொடுங்கள்” என்கிறார். மறுத்தால் அபசாரம் ஆகுமோ என்ற அச்சம் ஒரு புறம். குழந்தையின் உயிர் மறு புறம். இத்தகைய தாய்மார் இன்று எல்லா க்ஷேத்ரங்களிலும் காணப்படுகின்றனர். அவர்களுக்கு ஸம்ப்ரதாயம் தரும் விடை என்ன என்பது ஆராயத்தக்கது.

முதலில் நோயின் இயல்பு. 1902ஆம் ஆண்டில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஒரு கடல்வாழ் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திச் சோதித்தனர். முதல் முறை தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறு அளவு செலுத்தியதும் சில நிமிஷங்களில் மாண்டது. பழகப் பழக உடல் தாங்கும் என்று எதிர்பார்த்திருக்க, அதற்கு நேர்மாறாக நடந்தது. இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் வழங்கத் தொடங்கியவர் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. உடலைக் காக்க வேண்டிய சக்தியே, தீங்கற்ற ஓர் உணவின் புரதத்தைப் பகையென மயங்கிப் போர் தொடுப்பது ஒவ்வாமை. தோல் தடிக்கும், உதடும் கண்ணும் வீங்கும், வாந்தி எடுக்கும், கடுமையானால் மூச்சு அடைத்து நினைவு தப்பும். இதற்கு ஒரு பிடி உணவு வேண்டுவதில்லை. சிலருக்குக் கரண்டியில் ஒட்டிய துகளே போதும்.

பால் அருந்தினால் வயிறு உப்புசம் கொள்வது வேறு. அது பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாமை. துன்பம் தருமேயன்றி உயிரைப் பறிக்காது. கோதுமையால் குடல் மெல்ல மெல்லப் பழுதுறும் ஸீலியாக் என்னும் நோயும் வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி, “எனக்கும்தான் பால் ஒத்துக்கொள்ளாது, நான் சாப்பிடவில்லையா?” என்று பிறரைத் தூண்டுவோர் உண்மையில் எவ்வளவு பெரிய தீங்குக்குத் துணை போகின்றனர் என்பதை அறிவதில்லை.

இனி ஸம்ப்ரதாயத்தின் விடைக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகர் திவ்யதேசத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. மார்க்கண்டேய மஹரிஷியின் திருமகளாக வளர்ந்த பூமிப்பிராட்டியை மணம் கேட்டு எம்பெருமான் முதியவர் வேடத்தில் வந்தான். “இவள் சிறு பெண்; உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள்” என்று மஹரிஷி தயங்கினார். உப்பில்லாமலேயே தான் அமுது செய்வதாக எம்பெருமான் இசைந்தான். ஒப்பற்றவன் என்னும் பொருளுடைய ஒப்பிலியப்பன் திருநாமம் உலக வழக்கில் உப்பிலியப்பன் ஆயிற்று. இன்றளவும் அங்கே திருமடைப்பள்ளியில் உப்பு சேர்வதில்லை. உப்பிட்ட பண்டத்தைச் சந்நிதிக்குள் கொண்டு செல்வதும் கூடாது.

இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் பிராட்டியிடம் எம்பெருமானுக்குள்ள ப்ரீதியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதற்குள் மற்றொரு பொருளும் உண்டு. இல்லத்தில் ஒருவருக்காக ஒரு பொருளை அனைவரும் விலக்குவது அவனே தொடங்கி வைத்த மரபு. உப்பில்லாத அந்தத் தளிகையைக் குறையுடையதென்று எந்த அன்பரும் சொல்வதில்லை. தேடிச் சென்று கண்ணில் ஒற்றி உண்கின்றனர். அப்படியிருக்க, ஒரு குழந்தைக்காக வேர்க்கடலையை நீக்கிய வீட்டில் திருவிழா குன்றிவிட்டதென்று வருந்துவானேன்?

பிரஸாதத்தை உண்ணாமை அபசாரமா என்ற கேள்விக்கும் தெளிவான விடை உண்டு. ஏகாதசியன்று உபவாஸம் இருப்பவர் பிரஸாதம் கிடைத்தால் வணங்கி வைத்துக்கொள்கிறார். அதை யாரும் அவமதிப்பென்று சொல்வதில்லை. அவமதிப்பு என்பது எறிவதிலும், காலில் படச் செய்வதிலும், இகழ்வதிலும் இருக்கிறது. ஒவ்வாமையுள்ளவர் கைகூப்பிச் சேவித்து, உடன் வந்தவரைப் பெற்றுக்கொள்ளச் செய்தால் எக்குறையுமில்லை. தொட்டாலே தோல் தடிக்கும் இயல்புடையவர் கையில் வாங்கவும் வேண்டுவதில்லை.

“நம்பிக்கை இருந்தால் ஒன்றும் செய்யாது” என்ற வாதம் பக்தி போலத் தோன்றினும் ஸித்தாந்தத்துக்குப் பொருந்தாது. சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பதே எம்பெருமானார் நிலைநாட்டிய தரிசனம். அதன்படி இவ்வுடல் அவனுடைய சொத்து, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. உடையவனின் பொருளைத் தெரிந்தே தீயில் இட்டுவிட்டு, அவன் காக்கிறானா என்று பார்ப்பது சரணாகதி ஆகாது. அது அவனைச் சோதிப்பதாகும். ஸ்ரீபாஷ்யத்தில் உபாஸனத்துக்கு உறுப்பாக ஸாதன ஸப்தகம் கூறப்படுகையில் முதலில் நிற்பது விவேகம். அதாவது தோஷமற்ற உணவினால் உடலைத் தூயதாக வைத்தல். ஸ்வாமி தேசிகன் ஆகார நியமம் என்று தமிழிலேயே ஒரு தனிப் பிரபந்தம் அருளிச்செய்தார். உண்ணத் தகாததை ஆராய்ந்து விலக்குவது வைஷ்ணவர்களுக்குப் புதியதன்று.

வைத்ய சாஸ்த்ரமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. சரக ஸம்ஹிதையின் ஸூத்ரஸ்தானம் 6ஆம் அத்தியாயம் ருதுசர்யையைக் கூறுகிறது. மழைக்காலத்தில் சேர்ந்த பித்தம் சரத்தின் வெயிலில் சீற்றம் கொள்ளும். ஆகவே இனிப்பும் சிறிது கசப்பும் உள்ள, இலகுவான, குளிர்ந்த உணவு வேண்டும். தயிரும் பகலுறக்கமும் ஆகா. பகலில் சூரியனால் காய்ந்து, இரவில் சந்திரனால் குளிர்ந்து, அகஸ்திய நக்ஷத்ரத்தின் உதயத்தால் நஞ்சு நீங்கிய சரத்கால நீருக்கு ஹம்ஸோதகம் என்று அழகிய பெயரும் தரப்பட்டுள்ளது. அரிசி, யவம், கோதுமை ஆகியவை இக்காலத்துக்கு உகந்தவை என்றும் சொல்லப்படுகிறது. அப்படியானால் கோதுமை ஒவ்வாதவர் என் செய்வது? விமானஸ்தானம் முதல் அத்தியாயத்தில் விடை இருக்கிறது. உணவின் நன்மை தீமை எட்டுக் காரணங்களைப் பொறுத்தது: பொருளின் இயல்பு, சமைக்கும் முறை, சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் விதி, இறுதியாக உபயோக்தா, அதாவது உண்பவன். காலத்துக்கு உகந்ததாயினும் உண்பவனுக்கு ஒவ்வாததெனில் அது அவனுக்கு உணவாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சரகர் அலர்ஜியை அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது மிகை. பழக்கத்தால் ஒவ்வாததும் ஒத்துப்போகும் என்ற கருத்து ஆயுர்வேதத்தில் உண்டு. அதைக் கொண்டு, “தினம் ஒரு துளி கொடுத்துப் பழக்கலாம்” என்று வீட்டில் முயல்வது உயிருக்கே ஆபத்து. ரிஷேயின் நாய்களுக்கு நேர்ந்ததை நினைவில் கொள்க. அத்தகைய பழக்கம் மருத்துவமனையில், அதற்கெனப் பயின்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடைபெறத் தக்கது.

விழாக்காலத்தில் ஏமாற்றும் பொருள்கள் சில. கடலை என்ற சொல்லே முதல் பொறி. கடலை மாவும் பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலை. வட மாவட்டங்களில் அதையே மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் சொல்வர். “கடலை இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற விடை உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் முடியலாம். எந்தக் கடலை என்று கேட்க வேண்டும். அடுத்தது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலப்பது வழக்கம். கோதுமையே காணாத சுண்டலிலும் புளிக்காய்ச்சலிலும் கோதுமை இவ்வாறு புகுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் வித்தின் புரதம் தங்கும். நெய்யிலும் பாலின் புரதம் சிறிது எஞ்சும். முந்திரி ஆகாதவர்க்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. தீபாவளி லேகியத்தின் சேர்மானம் வீட்டுக்கு வீடு மாறும். நெய், நல்லெண்ணெய், தேன் மூன்றையும் பற்றிக் கேட்டபின்பே நாவில் வைக்க வேண்டும். திருமலை லட்டில் கடலை மாவு, நெய், முந்திரி மூன்றும் உண்டு. பொட்டலத்தில் வரும் பண்டங்களுக்கு 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடக் கட்டளையிட்டன. ஆனால் அப்பட்டியலில் எள்ளும் கொண்டைக்கடலையும் இடம்பெறவில்லை. தொன்னையில் வருவதற்கோ அச்செழுத்தே கிடையாது.

எனவே திருமடைப்பள்ளிக் கைங்கர்யபரர்களின் பொறுப்பு பெரிது. வேர்க்கடலையும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. கடல் கடந்து வந்த வணிகரால் பாரத நாட்டை அடைந்தவை. பழமை வழுவாத மடைப்பள்ளிகளில் மிளகாய்க்கே இடமின்றி மிளகுதான் ஆள்கிறது. புளியோதரையில் வேர்க்கடலையை நீக்கினால் ஆகமத்துக்கு எக்குறையும் வராது; சொல்லப்போனால் பழைய முறைக்குத் திரும்பியதாகவே ஆகும். நீக்க இயலாத இடத்தில், விநியோகிக்கும் இடத்தில் ஒரு பலகையில் அன்றைய பிரஸாதத்தின் சேர்மானத்தை எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி வேண்டும். கேட்பவரிடம் சலிப்புக் காட்டாமல் விடை சொல்வதும் பாகவத கைங்கர்யமே.

இவ்வளவுக்கும் பின் தவறு நேர்ந்தால் காலம் தாழ்த்தலாகாது. பெரும்பாலும் சில நிமிஷங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குறிகள் தோன்றும். மூச்சு இரைத்தாலோ, குரல் கம்மினாலோ, மயக்கம் வந்தாலோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்தி 108க்குச் செய்தி சொல்ல வேண்டும். அரிப்புக்குத் தரும் மாத்திரை இதற்கு ஈடாகாது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சுத் திணறுபவர் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கச் செய்யலாகாது. அந்நிலையில் தீர்த்தமாயினும் வாயில் புகட்டக் கூடாது. தெளிந்துவிட்டாலும் சில மணி நேரத்தில் திரும்பவும் தோன்றக்கூடுமாதலால் மருத்துவமனைக்குச் சென்றே தீர வேண்டும்.

உணவை நீக்கிய பின்னும் சரத்தின் ஸுகங்கள் குறைந்துவிடுவதில்லை. விடியற்காலைக் காவிரியில் துலா ஸ்நானம், ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்து வரும் முதலாழ்வார் மூவரின் திருநக்ஷத்ரங்கள், மழை ஓய்ந்த மாலையில் ஈரப் பிராகாரத்தில் கேட்கும் திவ்யப்பிரபந்த கோஷ்டி, துளசியும் சடாரியும். தீபாவளி எண்ணெய் நீராட்டுக்கு எள் ஆகாதவர் தேங்காய் எண்ணெய் கொள்ளலாம். கொலுவுக்கு அழைப்போர் பிள்ளைகளுக்குச் சுண்டலோடு ஒரு வாழைப்பழமோ, கொய்யாவோ தனித்தட்டில் வைத்தால் எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு திரும்பாது. கார்த்திகைக்கு நெற்பொரியும் வெல்லப்பாகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டையில் பாலில்லை, கோதுமையில்லை, வேர்க்கடலையில்லை; பொட்டுக்கடலை சேர்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் அதைச் சேர்க்குமுன் முதல் ஈடு உருண்டைகளைத் தனியே பிடித்து, மூடியுள்ள சம்படத்தில் எடுத்து வைக்கலாம்.