ஏசி கிளம்பலையா? முதலில் கரண்டைப் பாரு

நேற்று ராத்திரி பத்தரைக்கு நீ போன் பண்ணி, "அக்கா, ஏசி கிளம்ப மாட்டேங்குது, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது" என்றபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. கத்திரி வெயில் நேரம். அந்த வேளையில் ஒரத்தநாட்டிலிருந்து எந்த மெக்கானிக்கும் வயலுக்கு நடுவே இருக்கும் வீட்டைத் தேடி வரமாட்டார். போனில் அவசரமாகச் சொன்னதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். வயசானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எல்லாத் தங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.

நம் பக்கத்து ஊர்களில் ஏசி கிளம்பாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ஏசியை அல்ல, அதற்கு வரும் கரண்டை.

விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது என்பதால் கரண்ட் இருப்பதாக முடிவு கட்டாதே. த்ரீ பேஸ் வீட்டில் ஏசிக்குத் தனி பேஸ் கொடுத்திருப்பார்கள். அந்த ஒன்று மட்டும் போயிருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும், ஏசி மட்டும் செத்துக் கிடக்கும். மீட்டர் பலகையில் மூன்று விளக்கும் எரிகிறதா பாரு. பேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் ஏசியை அணைத்துவிட்டு மாற்று. ஒரு விளக்கு கண் கூசும்படி எரிந்து, இன்னொன்று மங்கினால் மட்டும் எதையும் சோதிக்காமல் மெயினை இறக்கிவிடு. அது நியூட்ரல் கோளாறாக இருக்கலாம்; ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாவற்றையும் வாங்கிவிடும். காற்று பலமாக அடித்த மறுநாள் இதை மறக்காதே. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டு.

அடுத்தது வோல்டேஜ். மேட்டூர்த் தண்ணீர் ஜூன் 12-க்குத்தான் என்கிறபோது கோடை நெல்லுக்கும் பருத்திக்கும் போர்செட்தான் கதி. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பத்து மோட்டார் ஓடினால் லைனின் கடைசி வீட்டுக்கு என்ன மிஞ்சும்? ஸ்டெபிலைசரில் 'இன்புட்' எவ்வளவு காட்டுகிறது என்று பாரு. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், பழைய மாடல் கம்ப்ரஸரின் கிளம்பும் பலம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ மட்டும் குறைவதில்லை. வோல்டேஜின் இருமடிக் கணக்கில் இறங்கி, அறுபது சதவீதம்தான் மிஞ்சும். அதனால்தான் வெளியே இருக்கும் பெட்டி 'உம்ம்' என்று முனகிவிட்டு நின்றுபோகிறது. அந்த நேரத்தில் மறுபடி மறுபடி போட்டால் காயில் கருகும். மோட்டார்கள் நிற்கும்வரை பொறு. இன்வெர்ட்டர் ஏசி என்றால் அதுவே கிளம்ப மறுத்து ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் போனில் படம் பிடித்து வை.

பொறுமை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை நின்ற கம்ப்ரஸர் உடனே கிளம்பாது, கிளம்பவும் கூடாது. உள்ளே கேஸ் அழுத்தம் சமமாக மூன்று நிமிஷம் வேண்டும். ஸ்டெபிலைசரும் அதே மூன்று நிமிஷம் காத்திருக்கும். நேற்று நீ ரிமோட்டை அழுத்தி அழுத்தி அணைத்துப் போட்டாயே, ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது.

ரிமோட் விஷயம் சின்னது. 'கூல்' முறையில் இருக்கிறதா, டைமர் போட்டிருக்கிறதா பாரு. போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் முனையில் ஒளி மினுக்க வேண்டும். உள் பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால் ஒரு பட்டன் இருக்கும்; அதில் கிளம்பினால் குற்றவாளி ரிமோட்.

எம்.சி.பி. விழுந்திருந்தால் முழுசாகக் கீழே இறக்கி, ஒரே ஒரு முறை ஏற்று. மறுபடி விழுந்தால் விட்டுவிடு. அறுப்பு முடிந்ததும் வயல் எலிகளெல்லாம் வீட்டுப் பக்கம்தான் வரும். போன மாசியில் எங்கள் வீட்டு வெளிப்பெட்டி வயரை எலி கடித்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. நான் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. எறும்பும் பல்லியும் உள்ளே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்த மூடியை நீ திறக்காதே, மாப்பிள்ளையையும் திறக்க விடாதே. மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

கொஞ்ச நேரம் ஓடி நின்று, அப்புறம் கிளம்பவே இல்லை என்றால் கதை வேறு. அறுவடை மிஷின் ஓடிய நாளில் பறக்கும் வைக்கோல் தூசி வெளிப்பெட்டியின் தகடுகளில் கம்பளம் மாதிரி அப்பிக்கொள்ளும். சூடு வெளியேறாமல் கம்ப்ரஸர் தானே நின்றுவிடும்; அது ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். கடலில் போகும் பெரிய படகுகளில் ஏசியைக் கடல்தண்ணீரால் ஆற வைப்பார்கள். தண்ணீர் இழுக்கும் வலையில் பாசி அடைத்துக்கொண்டால் அங்கேயும் இதே நோய்தான். அவர்கள் முதலில் வலையைக் கழுவுகிறார்கள், நாம் தகட்டைக் கழுவுவோம். மெயினை அணைத்து, பிரஷால் தூசியைத் தட்டி, குழாய்த் தண்ணீரை மெதுவாக விடு. வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

மெக்கானிக் வந்ததும் வோல்டேஜ் எவ்வளவு இருந்தது, எந்த விளக்கு மினுக்கியது, முனகியதா, சத்தமே இல்லையா என்று சொல்லு. விளக்கே எரியாத ஏசிக்குக் கேஸ் போட வேண்டும் என்று ஒருவர் என்னிடம் காசு வாங்கிப் போனார்; கடைசியில் பிளக் பாயிண்ட்தான் கருகியிருந்தது. ஏசி பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் 16 ஆம்பியர் பாயிண்டை மாற்றச் சொல்லு.

அதுவரை அம்மாவை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் படுக்க வைக்காதே, பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரிதான் இறக்கும். கட்டிலை ஓட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்று. கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வை. உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு கொதித்தாலோ ஏசியை அப்படியே விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடு. பிறகு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும்.