கூகுளில் நம்ம கருப்பட்டி கிடைக்குமா?



வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார். “ஊர்ல எல்லாரும் போன்ல தேடித்தான் வாங்குறாங்களாம். எங்க கருப்பட்டியத் தேடுனா வரமாட்டேங்குது. அதுக்கு யாருகிட்ட பணம் கட்டணும்?”

யாரிடமும் கட்ட வேண்டாம் என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் நம்ம குழு ஒன்று ஏற்கெனவே கட்டிவிட்டது. கட்டலாம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கதையிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

அந்தக் குழு சாயல்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி காய்ச்சுகிற குழு. ஒருநாள் ஊக்குநருக்கு ஒரு போன் வந்தது. “உங்கள் பொருளை கூகுளில் முதலாவதாக வரவைக்கிறோம், பன்னிரண்டாயிரம் ரூபாய்” என்றார்கள். உறுப்பினர்கள் என்னைக் கேட்டார்கள். முன்னேற்றத்துக்குத்தானே, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். தீர்மானம் போட்டு, பொதுநிதியிலிருந்து பணம் போனது. பதினைந்து நாள் கழித்து அந்த ஆள் நேரில் வந்தார். தன் போனில் குழுவின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் சேர்த்து அடித்தார். முதல் வரியில் நம்ம குழு வந்தது! எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒரு போன்கூட வரவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். நம்ம குழுவின் பெயர் உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது? அந்தப் பெயரை அடித்தால் நம்ம பக்கம்தான் முதலில் வரும், வேறு எது வரும்? ஓடுகிறவர் ஒருத்தர் மட்டும் உள்ள பந்தயத்தில் முதல் பரிசு வாங்கின மாதிரி அது. கருப்பட்டி வாங்க நினைக்கிற சென்னைக்காரருக்கு நம்ம குழுவின் பெயர் தெரியாது. அவர் கருப்பட்டி என்றுதான் தேடுவார். அப்படித் தேடிப் பார்த்தால் பத்துப் பக்கம் தள்ளியும் நாம் இல்லை. அடுத்த வருடம் அந்தப் பக்கமே மறைந்துவிட்டது. இணைய முகவரியை அந்த ஆள் தன் பெயரில் பதிந்திருந்தார். வருடக் கட்டணம் கட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை.

“முதலிடம் உறுதி” என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் இதை எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், அது தனி. அப்போது அது பணம் கட்டிய விளம்பரம் என்று தெரியும்படி அடையாளம் போட்டிருக்கும். யாராவது அதைத் தொட்டால் தொட்டதற்குக் காசு போகும், அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். விளம்பரம் இல்லாத சாதாரண வரிசையில் இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அப்படியானால் அந்த வரிசை எப்படி உண்டாகிறது? கூகுள் ஒரு தேடுபொறி. உலகத்தில் உள்ள எண்ணற்ற இணையப் பக்கங்களை அதன் கணினிகள் ஓயாமல் போய்ப் படிக்கின்றன. எந்தப் பக்கத்தில் என்ன விஷயம் இருக்கிறது என்று ஒரு பெரிய பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றன. ஒருவர் தேடும்போது அந்தப் பதிவேட்டைப் புரட்டித்தான் பதில் தருகிறது. பதிவேட்டில் ஏறாத பொருள் பதிலில் வராது. நாம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் போடுகிற படமும் விலையும் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. இது நிறைய பேருக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர் நம்மைக் கண்டுபிடிக்கவேண்டுமானால் வெளியில் எல்லோரும் பார்க்கிற ஒரு பக்கம் வேண்டும்.

அதேபோல் அழகான போஸ்டர் செய்து, பெயர், விலை, ஊர் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதிப் போடுகிறோம். படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் அடியுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வாங்குகிறவர் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்?

நம்ம பக்கம் கருப்பட்டி என்கிறோம். வடக்கே போனால் பனை வெல்லம் என்பார்கள். சிலர் பனங்கருப்பட்டி என்பார்கள். ஆங்கிலத்தில் பாம் ஜாக்கரி. ஆங்கில எழுத்தில் கருப்பட்டி என்று அடிப்பவர்களில் ஒரு ‘பி’ போடுபவரும் உண்டு, இரண்டு ‘பி’ போடுபவரும் உண்டு. பொருள் ஒன்றுதான், தேடுகிற வார்த்தை ஐந்து விதம். நாம் ஒன்றை மட்டும் எழுதினால் மற்ற நான்கு விதமாகத் தேடுகிறவர் நம்மைப் பார்க்காமலே போகலாம்.

இந்த வார்த்தைகளைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. கூகுளில் கருப்பட்டி என்று அடித்து, தேடு பொத்தானைத் தொடாமல் அப்படியே நிறுத்துங்கள். கீழே சில வரிகள் தானாக வரும். அவை பெரும்பாலும் மற்றவர்கள் உண்மையாகத் தேடின வரிகள். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலும், ஆங்கில எழுத்திலும், ஆங்கிலத்திலும் மூன்று தடவை செய்யுங்கள். இதைவிட நல்ல இன்னொரு வழி நம்ம ஆர்டர் நோட்டு. போனில் பேசுகிறவர் “சுக்கு போட்டது இருக்கா?”, “சீனி கலக்காததா?”, “அரைக் கிலோ அனுப்புவீங்களா?” என்று கேட்டால், கேட்ட வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நாம் திருத்தி எழுத வேண்டாம்.

கருப்பட்டி என்ற ஒரே வார்த்தையில் பெரிய கடைகளை நம்மால் முந்த முடியாது. அதில் மனதை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் “சீனி கலக்காத சுக்குக் கருப்பட்டி ராமநாதபுரம்” என்று தேடுகிறவர் குறைவு, அப்படி எழுதி வைத்திருக்கிறவரும் குறைவு. அங்கே நமக்கு இடம் இருக்கிறது. அப்படித் தேடுகிறவர் சும்மா பார்க்க வந்தவரும் இல்லை, வாங்க வந்தவர்.

அந்தக் குழு முதலில் வைத்திருந்த தலைப்பு: “தரமான, சிறந்த, பாரம்பரிய இயற்கைப் பொருட்கள்.” இதில் என்ன பொருள் என்று யாருக்காவது தெரிகிறதா? இப்போது மாற்றியது: “பனங்கருப்பட்டி (பனை வெல்லம்) 1 கிலோ, சீனி கலக்காதது, சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.” பெயர், இன்னொரு பெயர், அளவு, குணம், ஊர். இவ்வளவு போதும். கருப்பட்டி கருப்பட்டி என்று முப்பது தடவை எழுதினால் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. அப்படித் திணித்து எழுதின பக்கத்தை கூகுள் மோசடிப் பக்கமாகப் பார்த்துக் கீழே தள்ளிவிடும்.

வார்த்தை தேடும்போது ஒரு ஆசையும் கூடவே வரும். கருப்பட்டி என்று அடித்ததும் உடன்குடி என்று சேர்ந்து வருகிறது. “நாமும் உடன்குடின்னு போட்டா என்ன மேடம், யாரு பாக்கப் போறா?” என்று ஒரு தங்கை கேட்டாள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த வட்டாரத்தில் செய்யாத கருப்பட்டியை அந்தப் பெயரில் விற்றால் சட்டப்படி குற்றம். அதைச் சொன்னதும் அங்கே இருந்த வயதான அம்மா ஒருவர், “நாம காய்ச்சுனதுக்கு அவுக பேர எதுக்கு வைக்கணும்?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று சர்க்கரை நோய். கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று எழுதினால் நிறைய பேர் வருவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நம்மை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு? உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தரவில்லை. அதற்குப் பதில் நம்ம உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் பக்கத்திலும் போடுங்கள்.

பிறகு பக்கத்தில் என்னதான் எழுதுவது? நமக்குத் தெரிந்ததை எழுதுவது. அந்தக் குழுவோடு உட்கார்ந்து எழுதினபோது எனக்கே ஆச்சரியம். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, வடிகட்டிக் காய்ச்சுவது, பாகு பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றுவது என்று அவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் நிறைந்தது. மழைக்காலத்தில் கருப்பட்டி இளகிப்போகிறது என்று ஒருவர் புகார் எழுதியிருந்தார். “அது காத்துல ஈரத்தக் குடிக்கும் மேடம், டப்பாவ இறுக்கி மூடி வைக்கணும்” என்றார்கள். அதையும் எழுதினோம். ‘கருப்பட்டி இளகாமல் இருக்க என்ன செய்வது’ என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சரியான பதில் நம்ம பக்கத்தில் இருந்தால் தேடுபொறி அவரை நம்மிடம் கொண்டுவந்து விட வாய்ப்பு உண்டு. கணினி படித்த அந்த ஆளுக்கு இது தெரியாது. பனங்காட்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். படமும் நம்ம அடுப்பு, நம்ம சிரட்டை, நம்ம கையாகவே இருக்கட்டும். முன்பு அவர் போட்டது எங்கேயோ எடுத்த படம். அதில் இருந்தது கருப்பட்டியே இல்லை, மண்டை வெல்லம்.

கூகுள் வரைபடத்தில் நம்ம இடத்தைப் பதிவது அடுத்த வேலை. இதற்குக் கட்டணம் கிடையாது. கடை அல்லது விற்பனை இடம் இருந்து, வாங்குகிறவர் நேரில் வந்தால், அல்லது நாம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பதியலாம். வெறும் பார்சல் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இது பொருந்தாது. போர்டில் இருக்கிற பெயரையே போடவேண்டும். கூடவே பொருள் பெயர்களை அடுக்கக் கூடாது. உண்மையான இடம்தானா என்று பார்க்க, போர்டையும் வேலை நடக்கிற இடத்தையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கொடுக்கிறவர்கள், வீட்டு முகவரி வெளியே தெரியாமல் மறைத்து, எந்தெந்த ஊருக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் காட்டலாம். தனியாக இருக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கணக்கு யார் பெயரில் என்பதில்தான் பல குழுக்கள் ஏமாறுகின்றன. ஒரு குழுவில் உறுப்பினரின் மகன் தன் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தான். நல்ல பையன்தான். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், போன் எண்ணும் மாறிவிட்டது. இப்போது விலையை மாற்றக்கூட அவனைத் தேடவேண்டியிருக்கிறது. குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். வரைபடப் பதிவில் ஊக்குநரையும் இன்னொரு உறுப்பினரையும் உரிமையாளராகச் சேர்க்க முடியும். யார் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். குழுப் பெட்டிச் சாவியை வெளியாளிடம் கொடுப்போமா? இணைய முகவரி வாங்கினாலும் குழுவின் பெயரில், குழுவின் மின்னஞ்சலில் வாங்குங்கள். புதுப்பிக்கிற தேதியைக் கடன் தவணை மாதிரிக் குறித்து வையுங்கள்.

வாங்கினவர்களிடம் அவர்கள் கருத்தை எழுதச் சொல்லிக் கேட்கலாம். நாமே நம்மைப் புகழ்ந்து எழுதக் கூடாது, எழுதினால் பத்து ரூபாய் குறைக்கிறேன் என்றும் சொல்லக் கூடாது. இரண்டும் கூகுள் விதிக்கு விரோதம். குறை எழுதினால் மறைக்கப் பார்க்காமல் மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

நம்ம எண் வெளியே தெரிந்ததும் கள்ள போனும் வரும். “நான் ராணுவ அதிகாரி, ஐம்பது கிலோ வேணும், முன்பணம் அனுப்புறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார்கள். பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போட்டால் நம்ம பணம்தான் போகும். ஓடிபி எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

அந்தக் குழு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். புதுப் பக்கம் போட்டு முதல் மூன்று மாதம் ஒன்றுமில்லை. ஊக்குநர் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அதற்குப் பிறகு மதுரையிலிருந்து ஒரு போன், கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். பெரிய வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். போன பன்னிரண்டாயிரமும் திரும்பி வரவில்லை. அதை வரவு செலவில் நஷ்டம் என்றே எழுதியிருக்கிறார்கள், என் சம்மதத்தோடு நடந்தது என்ற வரியும் சேர்த்து. நானே எழுதச் சொன்னேன். ஆனால் இப்போது வருகிற ஆர்டர் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: “எங்களை எப்படித் தெரிந்தது?” தெரிந்தவர் சொன்னது, கண்காட்சி, வாட்ஸ்அப், கூகுள் என்று குறிக்கிறார்கள். எதில் உழைப்பைப் போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் இனி முடிவு செய்யப் போகிறார்கள்.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு தாள் கொண்டுவாருங்கள். ஒன்றில் உங்கள் பொருளை வாங்குகிறவர்கள் என்னென்ன பெயரில் கேட்கிறார்கள் என்று, குறைந்தது பத்து வார்த்தை. மற்றதில் அவர்கள் அடிக்கடி கேட்கிற மூன்று கேள்வியும் நீங்கள் சொல்கிற பதிலும். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரரிடம், குழுவின் பெயரைச் சொல்லாமல், அந்தப் பொருளைத் தேடச் சொல்லி என்ன வந்தது என்றும் கேட்டு வாருங்கள். தாளைப் பார்த்து ஒவ்வொரு குழுவுக்கும் அங்கேயே தலைப்பு எழுதிவிடலாம்.